முதியோருக்கு இல்லப் பராமரிப்பு: முகமையைத் தேர்ந்தெடுக்கும் முன்

(மும்பையில் மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மும்பையில் மக்கள் தொகை குறைந்தது என்று கூறினால் நம்பத் தயங்குவோரே மிகுதி. எனினும் 2001ஆம் ஆண்டில் சுமார் 33.4 லட்சமாக இருந்த மும்பை நகர மாவட்டத்தின் மக்கள் தொகை, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 30.9 லட்சமாக இறங்கியது. இளம் குடும்பங்கள் தாணே, கல்யாண், நவி மும்பை ஆகிய இடங்களுக்குப் பெயர்ந்தன. படித்த பிள்ளைகள் பலர் கடல் கடந்தனர். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பெற்றோர் தங்கிவிட்டனர். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காப்புப் பெற்ற வீட்டைக் காலி செய்ய அவர்களுக்கு மனமும் வருவதில்லை. பொருளாதாரக் கணக்கும் அதற்கு இடந்தருவதில்லை.

இத்தகைய வீடொன்றில் முதியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது என்று கொள்வோம். அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிகிறது. இரண்டு நாளில் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்கிறது மருத்துவமனை. அந்த இரண்டு நாளில்தான் மகனோ மகளோ 'நர்ஸ் பீரோ' ஒன்றைத் தேடுகின்றனர். மருந்துக் கடைக்காரர் ஒரு தொலைபேசி எண்ணைத் தருகிறார். மருத்துவமனை வார்டு ஊழியர் இன்னொன்றைத் தருகிறார். முதலில் கிடைத்ததே தேர்வாகிவிடுகிறது. புடவை எடுக்க நான்கு கடை ஏறி இறங்கும் குடும்பம், தாயின் படுக்கையருகே இரவெல்லாம் இருக்கப்போகிறவரை ஒரு தொலைபேசி உரையாடலில் முடிவு செய்துவிடுகிறது.

வாயிற்காவலரும் படுக்கையருகே இருப்பவரும்

அடுக்குமாடிக் கட்டடத்தின் வாயிலில் நிற்கும் காவலரை அனுப்பும் நிறுவனம், தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005இன்படி உரிமம் பெற்றாக வேண்டும். காவலருக்குப் பயிற்சி அளித்தாக வேண்டும். மகாராஷ்டிரத்திலோ இதற்கு முன்பே, 1981இல், தனியார் பாதுகாவலர்களின் பணி நிலையையும் நலனையும் ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், எழுந்து நிற்க இயலாத மூதாட்டியைக் குளிப்பாட்டி உணவூட்டப் பெண்ணொருத்தியை அனுப்பும் நிறுவனத்துக்கு அகில இந்திய அளவில் அத்தகைய உரிமச் சட்டம் எதுவும் இல்லை. வாசலைக் காப்பவருக்குள்ள வரையறை, வீட்டுக்குள் உயிரைக் காப்பவருக்கு இல்லை.

இக்குறையைப் போக்க முயற்சி நடவாமல் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007ஐத் திருத்தும் மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்டது. இல்லப் பராமரிப்பு நிறுவனங்களின் பதிவும் அவற்றுக்கான குறைந்தபட்சத் தரங்களும் அதில் இடம் பெற்றிருந்தன. 2024இல் மக்களவை கலைக்கப்பட்டபோது மசோதா காலாவதியாயிற்று. இங்கிலாந்தில் 2009 முதல் பராமரிப்புத் தர ஆணையம் இத்தகைய முகமைகளைப் பதிவு செய்து, ஆய்வு செய்து, அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. இங்கோ அந்த ஆய்வாளரின் வேலையையும் குடும்பமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இது எளிய வேலையன்று. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் நல்ல பொருளையும் மட்டமான பொருளையும் ஒரே விலை ஆளும் என்பதையும், நாளடைவில் நல்லது சந்தையை விட்டு விலகும் என்பதையும் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். பொருளாதார மாணவர்கள் இதனைப் பாடமாகப் படித்திருப்பர். இல்லப் பராமரிப்பில் நிலைமை இன்னும் கடினம். காரை வாங்கியவர் தாமே ஓட்டிப் பார்க்கிறார். இங்குப் பணம் கொடுப்பவர் மகன். சேவையைப் பெறுபவர் தாய். தாய்க்கு நினைவு தப்பியிருந்தால் குறையை எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. செம்பூரை அடுத்த தேவ்னாரில் அமைந்துள்ள பன்னாட்டு மக்கள் தொகை அறிவியல் நிறுவனம் நடத்திய முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வின் தொடர்ச்சியாக 2023இல் வெளியான மதிப்பீடு, 60 வயதைக் கடந்த இந்தியரில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், முதுமை மறதி நோயுடன் வாழ்வதாகக் கூறுகிறது.

தேவை எது?

எனவே, முகமையிடம் பேசுமுன் தேவை எதுவென்று குடும்பம் வரையறுத்துக்கொள்வது இன்றியமையாதது. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963இல் வகுத்த அளவுகோல் இதற்கு இன்றும் பயன்படுகிறது. குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலியில் அமர்தல், மலசலத்தை அடக்கும் திறன், உண்ணல் ஆகிய ஆறில் எவற்றை முதியவர் தாமே செய்கிறார், எவற்றுக்குக் கை கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். இரவில் எத்தனை முறை எழுகிறார் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். பகலில் ஓய்ந்து இரவில் மும்முறை எழுபவருக்கு, இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே பணியாளர் என்ற ஏற்பாடு கணக்குக்கு ஒத்துவராது. அந்தப் பணியாளர் எப்போது உறங்குவார்?

அடுத்தது, செவிலிக்கும் உதவியாளருக்கும் உள்ள வேறுபாடு. குளிப்பாட்டல், உணவூட்டல், படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்தல், கைப்பிடித்து நடத்தல் ஆகியவை பயிற்சி பெற்ற உதவியாளரின் பணிகள். மூக்கு வழிக் குழாய் பொருத்துதல், சிறுநீர்க் குழாயை மாற்றுதல், நரம்பில் ஊசி போடுதல் ஆகியவை செவிலிக்குரியவை. செவிலியர் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை. வெள்ளைச் சீருடை யாருக்கும் கடையில் கிடைக்கும். உதவியாளர் போதுமான இடத்தில் செவிலிக்குரிய கட்டணம் கொடுப்பது வீண் செலவு. செவிலி தேவைப்படும் இடத்தில் உதவியாளரை வைத்து ஒப்பேற்றுவது அதனினும் பெரிய தவறு.

இரு வகை முகமைகள்

மும்பையில் முகமை என்ற பெயரில் இரு வேறு தொழில்கள் நடைபெறுகின்றன. ஒன்று, ஆளை அறிமுகம் செய்துவைத்துத் தரகு பெற்றுக்கொண்டு விலகிவிடுவது. சம்பளம் குடும்பமே நேரில் கொடுக்கும். மற்றொன்று, பணியாளரைத் தன் பொறுப்பில் வைத்து அனுப்பி, மாதக் கட்டணத்தைத் தானே பெற்று, அதிலிருந்து ஊதியம் தருவது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், சட்டத்தின் பார்வையில் இவற்றுக்கிடையே உள்ள தொலைவு பெரிது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இல் 'சேவை' என்பதன் இலக்கணத்திலிருந்து 'தனிப்பட்ட ஊழிய ஒப்பந்தம்' விலக்கப்பட்டுள்ளது. குடும்பம் நேரடியாகச் சம்பளத்துக்கு அமர்த்திய பணிப்பெண்ணின் வேலையில் குறை நேர்ந்தால் நுகர்வோர் ஆணையத்தை நாடுவது அரிது. தரகு பெற்றவரோ அறிமுகத்தோடு தம் கடமை முடிந்ததென்பார். பராமரிப்புச் சேவையையே தருவதாக ஒப்புக்கொண்டு பணம் பெற்ற முகமை அவ்வாறு ஒதுங்க முடியாது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமின்றியே முறையிடலாம். ஆகவே, ரசீதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதே முதற்கேள்வி. 'பதிவுக் கட்டணம்' என்றா, 'பராமரிப்புச் சேவைக் கட்டணம்' என்றா? ரசீதே தராத முகமையை வந்த வழியே அனுப்பிவிடுவது நல்லது.

தரகு முறையை அடியோடு விலக்க வேண்டுமென்பதில்லை. செலவு குறைவு, நல்லவர் வாய்த்தால் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருப்பார். வீட்டில் கண்காணிக்க இன்னொருவர் இருக்கும் குடும்பத்துக்கு அது பொருந்தும். பிள்ளைகள் அயல்நாட்டிலிருக்க, தனித்து வாழும் முதியவருக்குப் பொருந்தாது.

மாற்று ஆள் பற்றிய கேள்வியை மும்பையில் அழுத்தமாகவே கேட்க வேண்டும். மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் பணிபுரியும் பெண்கள் பலர் தாராவி, கோவண்டி, மான்கூர்டு ஆகிய பகுதிகளிலிருந்து வருகின்றனர். ஜூலை மழையில் துறைமுக வழித்தட ரயில் குர்லாவுக்கும் சுனாபட்டிக்கும் இடையே நின்றுவிட்டால் பகல் பணியாளர் வந்து சேர மாட்டார். இரவெல்லாம் விழித்திருந்தவர் எத்தனை மணி நேரம் கூடுதலாக இருக்க வேண்டும், அதற்குக் கூலி உண்டா, யார் தருவது? இதற்கு உடனே பதில் சொல்லும் முகமை, தொழிலை நடத்திப் பழகிய முகமை.

பணியாளரின் பங்கு

பேரம் பேசும்போது பலரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. குடும்பம் மாதம் 30,000 ரூபாய் கட்டுவதாக உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், பணியாளர் கைக்குச் சேர்வது எவ்வளவு? இது அடுத்தவர் வரவு செலவில் மூக்கை நுழைப்பதாகாது. பெரும்பங்கை முகமையே எடுத்துக்கொண்டால், பயிற்சி பெற்றவர் சில நூறு ரூபாய் அதிகம் கிடைக்கும் இடத்துக்கு மாறிவிடுவார். முதியவருக்கு மாதந்தோறும் புது முகம் வரும். நினைவு தப்பியவருக்குப் புது முகம் என்பது புது அச்சம். வார விடுமுறை, உணவு, படுக்க இடம், கழிப்பறை ஆகியவற்றையும் எழுத்தில் வைப்பது இரு தரப்புக்கும் நல்லது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கருதுகிறது என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். முதியவர் எப்போதும் பாதிக்கப்படுபவராகவே இருப்பார் என்பதில்லை.

மும்பைத் தமிழ் முதியவருக்கு மொழியும் ஒரு சிக்கலே. நாற்பது ஆண்டுகள் இந்தியும் மராத்தியும் பேசி அலுவலகம் சென்றவர்கூட, மறதி நோய் முற்றும்போது பின்னர் கற்ற மொழிகளை இழந்து தாய்மொழிக்கே திரும்புவதுண்டு. மராத்தி பேசும் 'மாவ்ஷி'க்குத் 'தாகமாயிருக்கிறது' என்பது புரியாது. தண்ணீர், வலி, குளிர், பசி, கழிப்பறை என்று இருபது சொற்களை மராத்தி எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால் செலவேதுமில்லை. ரசம் சாதம் எவ்வளவு குழைவாக இருக்க வேண்டும் என்பதையும் முதல் நாளே காட்டிவிடலாம்.

வாங்க இயலாதோர்

இதுவரை கூறியவை பணம் கொடுக்கக் கூடியோருக்கு. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவிலுள்ள தாராவியில் நிலைமை வேறு. காட்ஸ் அளவுகோலின் மூன்றாவது இனமான கழிப்பறை, அங்குப் பெரும்பாலான வீடுகளுக்குள் இல்லை. சந்து கடந்து பொதுக் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும். செங்குத்தான ஏணியில் ஏறிச் செல்லும் மாடியறையில் பக்கவாதத்தில் விழுந்த முதியவர், இறங்கவே வழியின்றி அங்கேயே கிடக்க நேரும். பராமரிப்பவர் மருமகள், அல்லது பள்ளியை விட்டு நின்ற பேத்தி. மாட்டுங்காவில் பிறர் வீட்டு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் சொந்தத் தாய், பகலெல்லாம் தாராவியில் தனியே கிடப்பதும் உண்டு.

இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். மாநிலத்தின் பங்கைச் சேர்த்தாலும் முழுநேரப் பராமரிப்புக்கு அது போதாது. 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 70 வயது கடந்த அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காப்பு உண்டு. வீட்டில் புரட்டிப் படுக்கவைப்பவருக்கு ஊதியம் அதில் இல்லை. ஜப்பான் 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கி, 40 வயது முதலே சந்தா வசூலிக்கிறது. அத்தகைய ஏற்பாடு இங்கு வரக் காலம் ஆகலாம்.

அதற்குள் செய்யக்கூடியதற்குப் பிற மாநிலங்களே வழிகாட்டுகின்றன. கேரளம் 2008இல் வலிதணிப்புக் கொள்கையை வகுத்து, உள்ளாட்சிகளின் வழியே செவிலியரை வீடுகளுக்கு அனுப்புகிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறைச் சிகிச்சையையும் வலிதணிப்புச் சேவையையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. மும்பையில் தாராவி ஜி வடக்கு வார்டையும், மாட்டுங்கா எஃப் வடக்கு வார்டையும், செம்பூர் எம் மேற்கு வார்டையும் சேர்ந்தவை. இம்மூன்று வார்டு அலுவலகங்களும் தத்தம் எல்லையில் இயங்கும் பராமரிப்பு முகமைகளின் பெயர், அவை தரகு முறையா சேவை முறையா என்ற விவரம், பணியாளர் எண்ணிக்கை, பயிற்சி நிலை ஆகியவற்றைத் தாமாக முன்வந்து பதியச் செய்து, அப்பட்டியலை சயான் மாநகராட்சி மருத்துவமனையில் நோயாளி வீடு திரும்பும் பிரிவில் தொங்கவிடலாம். வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் தாராவிப் பெண்களுக்கு அதே மருத்துவமனையில் ஒரு வாரம், புரட்டவும் தூக்கவும் புண்ணைக் கவனிக்கவும் பயிற்சி தரலாம். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. வார்டு அதிகாரியின் சுற்றறிக்கையும், ஒரு பதிவேடும், அதை மாதந்தோறும் சரிபார்க்க ஓர் எழுத்தரும் போதும்.