தற்காலிக ஆசிரியர்: முதல் படியா, முட்டுச்சந்தா?

(பிச்சாவரத்தில், புதிதாக ஆசிரியர் பயிற்சி முடித்த இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் பி.எட். அல்லது தொடக்கக் கல்விப் பட்டயம் முடித்தவர்கள். பலர் உங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. உங்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான். "பக்கத்துப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை இருக்கிறது என்கிறார்கள். போகலாமா, வேண்டாமா?"

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கல்விக் கடனும் வீட்டுச் செலவும் என் பேச்சைக் கேட்டு நின்றுவிடாது. ஆனால் அந்த வேலை எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது, உங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துகொண்டு போங்கள். அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் இது புதிய கதை இல்லை. 2003க்குப் பிறகு, அ.தி.மு.க. ஆட்சியில், அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுகலை ஆசிரியருக்கு 4,500. ஆட்சி மாறிய பிறகு, 2006 ஜூன் 1 முதல் அவர்கள் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். தொகுப்பூதியத்தில் உழைத்த காலத்தையும் பணிக்காலமாகச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகும் தொடர்ந்தது.

2012இல் அடுத்த கட்டம். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். மே மாதம் சம்பளம் தரவில்லை. அந்த மாதம் ஆசிரியருக்குப் பசிக்காது என்று அரசு முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது! அந்த 5,000 ரூபாய் 12,500 ஆக 2024 வரை ஆனது. இருபத்தைந்து வயதில் சேர்ந்தவர் முப்பத்தேழு வயதிலும் பகுதிநேர ஆசிரியராகவே இருந்தார்.

பிறகு 2022. அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்பச் சொன்னது அரசு. இடைநிலை 4,989, பட்டதாரி 5,154, முதுகலை 3,188. அறிவித்த ஊதியம் முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய். நிரந்தர ஆசிரியர் வந்தால் அன்றைக்கே வெளியேற வேண்டும். தகுதித் தேர்வில் வென்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. பிறகு நிபந்தனைகளோடு நியமனம் நடந்தது.

தோழர்களே, 2006இல் நிரந்தரமானவர்களுக்கும் 2022இல் வந்தவர்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முதல் கூட்டம் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக, இனச்சுழற்சி முறையில் தேர்வானது. சம்பளம்தான் குறைவு, வந்த வழி முறையானது. இரண்டாவது கூட்டம் பள்ளி அளவில், இனச்சுழற்சி இல்லாமல் எடுக்கப்பட்டது. இந்த வேறுபாடு சின்னதாகத் தெரியும். சட்டத்தின் முன்னால் அது மலையளவு பெரியது.

2006இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உமாதேவி வழக்கில் ஒரு தீர்ப்புத் தந்தது. முறையான அறிவிப்பும் போட்டியும் இல்லாமல் தற்காலிகமாக வந்தவர், நீண்ட காலம் உழைத்தார் என்பதை மட்டும் வைத்து நிரந்தரம் கோர முடியாது என்பது அதன் சாரம். விதிவிலக்கு மிகக் குறுகலானது. அரசு முதலில் இடஒதுக்கீட்டைப் பின்பற்றாமல் உங்களை எடுக்கிறது. பத்தாண்டு கழித்து நீங்கள் நிரந்தரம் கேட்டால், "இவர் முறைப்படி வந்தவர் இல்லை" என்று அதே அரசு நீதிமன்றத்தில் சொல்ல இடமிருக்கிறது. முறைகேட்டைச் செய்தது ஒருவர், தண்டனை அனுபவிப்பது இன்னொருவர்.

தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீடு நிரந்தரப் பணியிடத்தில்தான் உயிரோடு இருக்கிறது. அதில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. ஒரு பணியிடத்தைத் தற்காலிகம் என்று பெயர் மாற்றினால் அந்த 18உம் அந்த 1உம் சத்தமில்லாமல் காணாமல் போகின்றன. இடஒதுக்கீட்டை எதிர்த்து யாரும் வழக்குப் போட வேண்டாம், சட்டம் திருத்த வேண்டாம். பணியிடத்தை நிரப்பாமல் விட்டால் போதும். மத்திய அரசுப் பணிகளில் 45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனத்துக்கும் இடஒதுக்கீடு உண்டு என்று விதி இருக்கிறது. பத்து மாதம் நடக்கும் பள்ளி வேலைக்கு, பெரியார் பிறந்த மண்ணில் அதைக் கேட்டு வாங்க முடியாதா?

"உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை கொடுக்கிறார்களே, நல்லதுதானே" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கிராமங்களில் 'ஊர்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். ஊர் வேறு, சேரி வேறு. உள்ளூர் என்று சொல்லும்போது எந்த உள்ளூர்? கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதம் வேண்டும் என்கிறது. காகிதத்தில் அருமையான சட்டம். நிலமும் கடையும் கட்சிப் பதவியும் யாரிடம் இருக்கிறதோ, அவர் குழுவில் இல்லாவிட்டாலும் அவர் குரல் குழுவில் இருக்கும் என்பது நாம் வாழ்ந்து பார்த்த உண்மை. இனச்சுழற்சிப் பட்டியலை யாராலும் தேநீர்க் கடையில் வைத்து மாற்ற முடியாது. பரிந்துரையை மாற்றலாம்.

இனி பிள்ளைகள் பக்கம் வருவோம். ஆசிரியர் இல்லாத வகுப்பில் யாருடைய பிள்ளை உட்கார்ந்திருக்கிறது?

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம், நாம் கூடியிருக்கும் இந்தப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில்தான் நிற்கிறது. சுற்றுலாப் படகில் வருகிறவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதே கழிமுகத் தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர் மக்களின் குடியிருப்புகள் கிள்ளைப் பக்கம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி இல்லை. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லை. அதற்குப் பள்ளி ஆசிரியர் மட்டும்தான் ஆசிரியர். அவர் ஜூலையில் வந்து ஏப்ரலில் போய்விட்டால், அடுத்த ஆண்டு வேறொருவர் வந்து மறுபடியும் பிள்ளையின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளை இந்த இடைவெளியைப் பணத்தால் அடைத்துக்கொள்ளும். இருளர் பிள்ளை படிப்பை விட்டு நின்றுவிடும்.

அப்படியும் தப்பித்துப் படித்து ஓர் இருளர் பெண் ஆசிரியர் பயிற்சி முடித்தார் என்று வையுங்கள். பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். அதையும் வாங்கினால், அவருக்கான அந்த ஒரு விழுக்காடு இடம், நிரப்பாமல் போட்ட பட்டியலில் கிடக்கிறது.

இந்த மண்ணுக்கு வேறொரு வரலாறும் உண்டு. நந்தனைத் தீயில் இறங்கச் சொன்ன கதை நடந்ததாகச் சொல்லப்படும் அதே சிதம்பரத்தில், 1916இல் சுவாமி சகஜானந்தா நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். கோயில் வாசல் மூடியிருந்த ஊரில் பள்ளி வாசலைத் திறந்தார். தென்னார்க்காட்டுச் சேரிப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். அவர் விதைத்த நந்தனார் பள்ளிகள் இன்று ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் அரசுப் பள்ளிகளாக நடக்கின்றன. சேரிப் பிள்ளைக்கும் முழுநேர ஆசிரியர், முழு மரியாதை என்பதுதான் அந்தப் பள்ளியின் பொருள். இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் காலியிடங்களையும் தொகுப்பூதியத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு சமாளிக்கிறார்கள். ஒதுக்கப்பட்டவர்களுக்கான பள்ளியில் ஒதுக்கப்பட்ட ஊதியத்தில் ஆசிரியர். இதற்குச் சமூகநீதி என்று பெயர் வைக்க முடியுமா?

"ஆசிரியரே இல்லாமல் இருப்பதைவிடத் தற்காலிக ஆசிரியர் மேல் அல்லவா?" என்று கேட்கலாம். மேல்தான். ஒரு ஆசிரியை பேறுகால விடுப்பில் போனால் அந்த வகுப்புக்கு மாற்று ஆசிரியர் கட்டாயம் வேண்டும். இங்கிலாந்தில் இதற்கென்றே 'சப்ளை டீச்சர்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. அங்கும் முகமைகளின் சுரண்டல் உண்டு. ஆனால் முகமை வழியாக ஒரே இடத்தில் 12 வாரம் தொடர்ந்து வேலை செய்தால், நேரடியாக நியமிக்கப்பட்டவருக்கு இணையான அடிப்படை ஊதியம் தர வேண்டும் என்று 2010இல் விதி செய்தார்கள். விடுப்பு இடத்துக்குத் தற்காலிக ஆசிரியரை வைப்பது நிர்வாகம். நிரந்தரமான காலியிடத்துக்குத் தற்காலிக ஆசிரியரை வைப்பது ஏமாற்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நம் கையில் சட்டம் இல்லாமலில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒரு பள்ளியில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது. சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளருக்கும் பொருந்தும் என்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டம் தானாக நடந்து பள்ளிக்கு வராது. நாம்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

எனவே வேலைக்குப் போகிற தோழர்களுக்குச் சில சொற்கள். பணி ஆணையை எழுத்தில் வாங்குங்கள். வருகைப் பதிவேட்டில் தினமும் கையெழுத்துப் போடுங்கள். ஊதியம் வங்கிக் கணக்கில் வரட்டும். ஆண்டு முடிவில் பணி அனுபவச் சான்றிதழ் கேளுங்கள். யார் "நிரந்தரம் ஆக்கித் தருகிறேன்" என்று பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தற்காலிக நியமனத்தை நிரந்தரமாக்கும் அதிகாரம் எந்த உள்ளூர்ப் பிரமுகருக்கும் கிடையாது. மிக முக்கியமாக, தேர்வு வாரியத்தின் தேர்வுக்குப் படிப்பதை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். இந்த வேலை உங்கள் இரவுகளையும் தின்றுவிட்டால், முதல் படி என்று நினைத்தது முட்டுச்சந்தாகிவிடும்.

அடுத்தது இயக்க வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுத 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். பரங்கிப்பேட்டை, கீரப்பாளையம், குமராட்சி ஒன்றியங்களை நமக்குள் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும் மூன்று கேள்வி. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை? காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து? அவற்றில் இனச்சுழற்சிப்படி யாருக்கு எத்தனை? 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போவோம். பெற்றோரை மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து, "எங்கள் பிள்ளைக்கு நிரந்தர ஆசிரியர் வேண்டும்" என்று தீர்மானம் எழுத வைப்போம். தற்காலிக ஆசிரியரை எடுக்கச் சொல்லிக் கொடுத்த அதே குழுவை, நிரந்தர ஆசிரியரைக் கேட்கும் குழுவாக மாற்றுவோம்.

ஒன்றை மறக்க வேண்டாம். தற்காலிக ஆசிரியரும் காத்திருக்கும் பட்டதாரியும் ஒருவருக்கொருவர் எதிரியில்லை. நீதிமன்றத்தில் அவர்கள் எதிரெதிரே நிற்கும்படி செய்தது நிரப்பப்படாத அந்தப் பணியிடம்தான். இருவரும் சேர்ந்து கேட்க வேண்டியவை இரண்டே. காலியிடங்களை இடஒதுக்கீட்டோடு முழுமையாக நிரப்பு. அதுவரை வேலை செய்கிறவருக்குச் சம ஊதியம் கொடு.

நமக்கு முந்தைய தலைமுறை பள்ளிக்குள் நுழையப் போராடியது. நம் தலைமுறை அந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் நிரந்தரமாகப் பெயர் எழுதப் போராட வேண்டியிருக்கிறது. மனுக்களை இன்றைக்கே எழுதத் தொடங்குவோம்; தாளும் வில்லையும் கொண்டு வந்திருக்கிறோம்.