யூதரும் கிறிஸ்தவரும் பேசும் சமரசம்

(வேங்கிக்கால் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் மதங்களுக்குள் சமரசம் என்பதாகும். உடனே இந்து முஸ்லீம் சங்கதியைத்தான் எடுக்கப் போகிறோம் என்று நினைத்திருப்பீர்கள். அதை எடுத்தால் கேட்கும்போதே கட்சி கட்டிக்கொண்டு விடுவோம். ஆகையால் இரண்டு பக்கத்திலும் நமக்குப் பந்துக்கள் இல்லாத ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளுகிறோம். அதாவது யூதரும் கிறிஸ்தவரும் ஒருவரோடொருவர் பேசி வருகிறார்களே, அந்தச் சங்கதி.

வேங்கிக்காலில் யூதன் ஏது என்று கேட்கலாம். பக்கத்திலே திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்துக்கு 1936இல் எஸ்.எஸ். கோஹன் என்று ஒருவர் வந்து தங்கினார். அவர் ஈராக் தேசத்து யூதர். 1949இல் ஆன்றி லெ சோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதே இடத்துக்கு வந்தார். பின்னால் மலைக் குகையிலும் தங்கி, அபிஷிக்தானந்தா என்று காவிப் பேரும் வைத்துக்கொண்டார். மதங்கள் எப்படி ஒன்றுகூடுகின்றன பார்த்தீர்களா என்று பக்தர்கள் சொல்லுவார்கள். அங்கே மௌனத்துக்குத்தான் மரியாதை. வாயைத் திறக்காத இடத்தில் எந்த இரண்டு மதமும் ஒத்துப்போகும். வாயைத் திறந்தால் என்ன ஆயிற்று என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா நகரத்தில் 1263இல் ராஜா சபையிலே ஒரு வாதம் நடந்தது. ஒரு பக்கம் பாப்லோ கிறிஸ்தியானி. பிறப்பில் யூதர், மதம் மாறிச் சந்நியாசி ஆனவர். மறுபக்கம் மோசே பென் நாக்மான் என்னும் யூத குரு. தாராளமாகப் பேசலாம், பயமில்லை என்று ராஜா வாக்குக் கொடுத்தார். ஆனால் எதைப் பேசுவது என்று தீர்மானித்தது யார்? பாதிரிகள். யூதர்களுடைய நூல்களிலிருந்தே ஏசுவை ரட்சகர் என்று நிரூபிப்பது என்பதுதான் ஏற்பாடு. கிறிஸ்தவம் மெய்யா பொய்யா என்பது வழக்கிலேயே கிடையாது! ஒருவன் வீட்டை மாத்திரம் சோதனை போட்டுவிட்டு அதற்கு விவாதம் என்று பெயர்.

அந்தக் குரு சளைக்கவில்லை. ரட்சகர் வந்தால் உலகத்தில் சண்டை ஒழியும் என்கிறீர்களே, வந்து 1,200 வருஷத்துக்கு மேலாகியும் யுத்தம் ஓயவில்லையே என்று கேட்டார். ராஜா 300 நாணயம் வெகுமதி கொடுத்தனுப்பினார். நிற்க, பிறகு நடந்ததுதான் முக்கியம். தாம் பேசியதை அவர் எழுதி வெளியிட்டவுடன், தெய்வ நிந்தனை செய்தார் என்று அதே பாதிரிகள் வழக்குப் போட்டார்கள். பிறந்த தேசத்தை விட்டுக் கிளம்பி 1267இல் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார். அப்போது அவர் எழுபதைத் தாண்டிய கிழவர்.

பேச்சுக்கு அழைத்ததும் அவர்கள், பேசியதைக் குற்றமாக்கியதும் அவர்கள். 1492இல் ஸ்பெயின் யூதர்கள் அத்தனை பேரையும், ஒன்று மதம் மாறு அல்லது வெளியேறு என்றது. இங்கிலாந்து அதை 1290லேயே செய்து முடித்திருந்தது. ஷேக்ஸ்பியர் ஷைலாக் என்ற யூத வட்டிக்காரனை நாடகத்தில் எழுதிய காலத்தில் அந்தத் தேசத்தில் பகிரங்கமாக யூதன் வாழ முடியாது. அந்த நாடகத்தை நம் பிள்ளைகளும் பாடமாகப் படித்தார்கள். யூதனைக் கண்ணால் பார்த்திராத நாட்டில், பேராசைக்காரனுக்கு யூதனை உவமை காட்டுவது மேடையிலும் ஏட்டிலும் வழக்கமாயிற்று. நம் பக்கத்து மேடைகளும் அதற்கு விலக்கல்ல என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் தேசத்துச் சண்டை என்று தள்ளிவிடாதீர்கள். கோவாவில் 1560 முதல் 1812 வரையில், நடுவில் சில வருஷம் நீங்கலாக, மத விசாரணைக் கோர்ட்டு இருந்தது. நம் நாட்டு மூலிகைகளைப் பற்றி 1563இல் கோவாவிலேயே புத்தகம் அச்சிட்ட கார்சியா த ஓர்தா என்ற வைத்தியர், யூத வம்சத்தவர். அவருடைய சகோதரியை 1569இல் உயிரோடு கொளுத்தினார்கள். அவர் அதற்கு முந்தின வருஷமே செத்துப்போயிருந்தார், விட்டார்களா? 1580இல் எலும்பைத் தோண்டியெடுத்துக் கொளுத்தினார்கள். கொச்சியில் 1568இல் யூதர்கள் கட்டிய ஜெபாலயத்தைப் போர்ச்சுகீசியர் 1662இல் பாழாக்கினார்கள். அதற்கு இடம் கொடுத்ததும் அடைக்கலம் கொடுத்ததும் கொச்சி ராஜா. அடுத்த வருஷம் டச்சுக்காரர் வந்த பிறகுதான் யூதர்கள் மூச்சுவிட்டார்கள்.

பிறகு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் கிளாடியஸ் புக்கானன் அடிக்கவில்லை, கொளுத்தவில்லை. 1806இல் கிளம்பி வந்து மரியாதையாகக் கொச்சி யூதர்களோடு பேசினார். எபிரேய ஏடுகளைத் திரட்டினார். அதில் ஒன்று புதிய ஏற்பாட்டின் எபிரேய மொழிபெயர்ப்பு. அவர் எழுதி வைத்திருப்பதன்படி, அதை மொழிபெயர்த்தவர் ஒரு யூத குரு. கிறிஸ்தவர்களுக்கு மறுப்பு எழுதுவதற்காகச் செய்தாராம். மறுப்பதற்குச் செய்ததை, யூதர்களை மதம் மாற்றுவதற்கு உதவும் என்று இவர் எடுத்துப் போனார். நயமான ஆசாமிதான். ஆனால் மனதிலிருந்த காரியம் பார்சிலோனாக் காரியமே அல்லவா?

இனி நம் காலத்துக்கு வருவோம். ஹிட்லர் ஆட்சியில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் பாதிரியல்ல, ஆனால் கொலைகாரனுக்கு நிலத்தை உழுது வைத்தது யார்? யூதர்களுடைய கோயில்களைக் கொளுத்தச் சொல்லி 1543லேயே புத்தகம் எழுதியவர் லூதர். அந்த லூதரின் சபைதான் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தது. கத்தோலிக்கக் கோயில்களிலோ, பெரிய வெள்ளிக்கிழமைதோறும், விசுவாசங்கெட்ட யூதர்களுக்காக என்று லத்தீனில் ஜெபம் சொன்னார்கள். நம் நாட்டுக் கோயில்களிலும் அதே ஜெபந்தான். அர்த்தம் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நம்மவர்கள்.

மனைவியையும் மகளையும் நாஜிகளின் முகாமில் பறிகொடுத்த ழூல் இசாக் என்னும் பிரெஞ்சு சரித்திர ஆசிரியர், 1947இல் சுவிட்சர்லாந்து தேசத்து ஸீலிஸ்பெர்க் மாநாட்டிலே, ஏசுவைக் கொன்ற பழியை யூதர்கள் தலையில் கட்டிப் போதிப்பதை நிறுத்துங்கள் என்றார். 1959இல் போப் 23ஆம் ஜான் அந்த வசைச் சொல்லை ஜெபத்திலிருந்து எடுத்தார். 1960இல் இசாக் அவரை நேரில் கண்டு முறையிட்டார். 1965 அக்டோபர் 28இல் போப்பின் சபை, ஏசுவின் சாவுக்கு எல்லா யூதர்களையும் பொறுப்பாக்கக் கூடாது என்று தீர்மானம் வெளியிட்டது. ஆதரவு 2,221, எதிர்ப்பு 88. இதை நாம் பாராட்டுகிறோம். தம் ஏட்டிலேயே கைவைக்கத் துணிந்தார்களே, நம் மடாதிபதிகளில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு உண்டு?

ஆனால் 2008இல் என்ன நடந்தது? பழைய லத்தீன் முறையில் பூசை செய்வோருக்காகப் போப் 16ஆம் பெனடிக்ட் ஒரு புது ஜெபம் எழுதினார். வசைச் சொல் இல்லை. ஆனால் யூதர்கள் ஏசுவை ரட்சகராக அறிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. அதனால் இத்தாலி தேசத்து யூத குருமார்கள், 2009 ஜனவரியில் கத்தோலிக்கரோடு சேர்ந்து நடத்தவிருந்த தினத்துக்கு வரமாட்டோம் என்று நின்றுகொண்டார்கள். கோபம் நியாயமானதே. நண்பா வா என்று நாற்காலி போட்டுவிட்டு, இவன் இவனாக இல்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டால் அது என்ன சிநேகம்? 2015இல் போப்பின் ஆட்கள், யூதர்களை மதம் மாற்ற ஸ்தாபன ரீதியாக வேலை செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். 752 வருஷம் பிடித்திருக்கிறது, பார்சிலோனாவிலிருந்து அங்கே வந்து சேர!

அமெரிக்காவில் சொலொவெய்ச்சிக் என்ற யூத குரு 1964லேயே ஒரு யோசனை சொன்னார். கடவுள், வேதம், ரட்சிப்பு இவற்றைப்பற்றிப் பேச வேண்டாம். பசி, உரிமை, சமுதாயக் காரியம் இவற்றைச் சேர்ந்து பேசலாம் என்றார். அவர் தம் மதத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. மதத்தை வெளியே வைத்தால்தான் மனிதர்கள் கூடிப்பேச முடியும் என்று ஒரு குருவே ஒப்புக்கொண்டாரல்லவா?

இங்கே ஒரு தோழர், அப்படியானால் யூதர்கள் மாத்திரம் யோக்கியர்களோ என்று சீட்டு அனுப்பியிருக்கிறார். சரியான கேள்வி. அடிபட்டவனுக்காகப் பேசுவதால் அவன் மதத்துக்கு நாம் ஜாமீன் ஆகவில்லை. போர்ச்சுகீசியரிடம் அடிபட்ட அதே கொச்சி ஜெபாலயத்தில், அடிமை வம்சம் என்று சொல்லித் தங்கள் மதத்தாரிலேயே ஒரு கூட்டத்தை வெள்ளை யூதர்கள் உள்ளே உட்காரவிடவில்லை. முன்கட்டுத் தரையில்தான் இடம். வேதச் சுருளை வாசிக்க உரிமையில்லை. அந்த வம்சத்தில் பிறந்து வக்கீலான ஏ.பி. சாலேம், வைக்கத்தில் 1924-25இல் நடந்ததைப்போல, தம் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அதற்குள் இஸ்ரேல் தேசம் உண்டாகி, ஜனங்கள் கப்பலேறத் தொடங்கிவிட்டார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்று சண்டை போட்ட அந்தக் கட்டடத்தில், ஜெபத்துக்கு வேண்டிய 10 ஆண்கள் உள்ளூரில் கூடுவதற்கு இன்று வழியில்லை. பார்க்க வருகிறவர்கள் வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.