கொட்டகைக்கு மெஷின் பிறகு வரட்டும்

போளூர்ப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை இருந்தால், அதில் சின்னதாக மரவேலை தொடங்கலாமா என்று தோன்றும். தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் கையிலிருக்கும் பணத்தை முதலில் மெஷினில் போடாதீர்கள். நல்ல உளி, இழைப்புளி, கைவாள், மூலைமட்டம், சாணைக்கல், ஆடாத ஒரு வேலைமேசை, இவைதான் முதல் செலவாக இருக்க வேண்டும். கையால் அறுத்தால் ஒரு பலகைக்கே பொழுது போய்விடுமே என்று நீங்கள் கேட்பது நியாயம். அந்தக் கனத்த வேலைக்கு மரம் அறுக்கும் மில் இருக்கிறது. அகலமும் கனமும் சொன்னால் அறுத்துத் தருவார்கள். அளவெடுப்பது, துளை போட்டுக் கழுந்து வெட்டுவது, பொருத்துவது, இவ்வளவுதான் வீட்டில் மிச்சம். அதற்கு மெஷினைவிடக் கூரான உளிதான் தேவை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் மரத்தூள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. குறிப்பாக மூக்கின் உட்பகுதியை அது தாக்குகிறது. காலங்காலமாக ஆசாரிகள் தூளில்தானே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். இழைப்புளி தள்ளுவதைக் கவனியுங்கள்: மரம் சுருள் சுருளாகக் காலடியில் விழும், பெருக்கி அள்ளிவிடலாம். சாண்டிங் மெஷினிலிருந்து வருவதோ மாவு போன்ற தூள். மெஷினை நிறுத்தின பிறகும் அது காற்றில் மிதக்கும். அடைத்த கொட்டகையில் அதைச் சுவாசிப்பதும், திறந்தவெளியில் கைவேலை செய்வதும் ஒன்றல்ல. கொடியில் துணி காயும், குழந்தைகள் விளையாடும் கொல்லைப்புறம் என்பதையும் மறக்கக் கூடாது. கையால் செய்தாலும் உப்புத்தாள் போடுவதை வெளியில், முகக்கவசத்தோடு செய்யுங்கள்.

மெஷினில் மிச்சமாகும் பணம் மரத்துக்கும் கூரைக்கும் போகட்டும். தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் நிற்க முடியாது. எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் வைத்தால் வெப்பமும் தூளும் ஒன்றாக வெளியேறும். வேம்போ பூவரசோ வாங்கினால் ஈரமாகவே வேலைக்கு எடுக்காதீர்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் காய வேண்டும் என்பது பொதுக் கணக்கு. தரையிலிருந்து உயர்த்தி, பலகைகளுக்கு நடுவில் ரீப்பர் கொடுத்து, நிழலில் அடுக்குங்கள். கரையானுக்கும் அது தடை. காய்ந்த மரம்கூட ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் இழுத்து அகலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். நீளத்தில் அவ்வளவு மாறாது. அதனால்தான் மழைக்காலத்தில் மேசை இழுப்பறை சிக்கிக்கொள்கிறது. அகலப் பலகையை நான்கு பக்கமும் ஆணி அடித்து இறுக்கினால் ஒரு நாள் வெடிக்கும். மெஷின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்தக் குணத்தை மாற்றாது.

மரம் வாங்குவதில் இன்னொன்று. ஜவ்வாது மலைச் சந்தனம் பெயர் பெற்றது. யாராவது மலிவாகச் சந்தனக் கட்டை கொண்டுவந்து கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். சொந்த நிலத்துச் சந்தன மரத்தையே வனத்துறை வழியாகத்தான் வெட்டி விற்க முடியும்.

மெஷின் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆர்டர் பெருகி, கை வலிக்கும் அளவுக்கு ஒரே வேலை திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஒரு வேலைக்கான மெஷினை மட்டும் வாங்குங்கள். வாங்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து, கொட்டகைக்கு எர்த்தோடு தனி வயர் இழுத்துக்கொள்ளுங்கள்.