மாலை ஐந்து மணிக்கும் ஓர் அழைப்பு

(வானொலி மறையுரை: மத்தேயு 20:1-16)



முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் வீடுகள் சிலவற்றில் ஓர் அமைதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. உதவித்தொகைக்காக இரவு பகலாக உழைத்த பிள்ளையின் பெயர் பட்டியலில் இல்லை. என்ன பேசுவதென்று நமக்குத் தெரிவதில்லை. "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறதே" என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் எவ்வளவு ஆழத்தில் போய்த் தைக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிரான்சு நாட்டில் ஓவிய மாணவர்களுக்கு 'ரோம் பரிசு' என்ற உதவித்தொகை 1663ஆம் ஆண்டு தொடங்கியது. வென்றவர் அரசின் செலவில் ரோம் நகரில் சில ஆண்டுகள் தங்கிக் கலை பயில முடிந்தது. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் கொடுக்கப்பட்ட தலைப்பில், தனித்தனி அறைகளில் இருந்து, வாரக்கணக்கில் வரைய வேண்டியிருந்தது. முதலில் காட்டிய மாதிரி வரைவிலிருந்து பிறகு விலகக் கூடாது என்பது விதியாக இருந்தது. அத்தனை கடுமையான போட்டி அது.

அதில் இறங்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் ருவோ. 1871இல் பாரிசில் பிறந்தவர், மரவேலை செய்தவரின் மகன். 14 வயதில் வண்ணக் கண்ணாடிச் சன்னல் பட்டறையில் தொழில் பழகிக்கொண்டே, மாலை வகுப்பில் ஓவியம் கற்றார். பிறகு பாரிசின் கலைக்கல்லூரியில் சேர்ந்தார். 1893இல் எந்திரக்கல்லைச் சுற்றும் சிம்சோனை வரைந்து போட்டியிட்டார், பரிசு கிடைக்கவில்லை. 1895இல் இறந்த இயேசுவைச் சூழ்ந்து பெண்கள் புலம்பும் காட்சியை வரைந்தார், அப்போதும் கிடைக்கவில்லை.

அவருடைய ஆசிரியர் குஸ்தாவ் மொரோ மாணவரைக் குறைகூறவில்லை. இந்தப் போட்டியையும் கல்லூரியையும் விட்டுவிட்டு உன் வழியில் நட என்று அறிவுரை தந்தார். மொரோவும் தம் இளமையில் அதே பரிசுக்கு இருமுறை போட்டியிட்டுத் தோற்றவர். தம் பழைய காயத்தை அவர் கசப்பாக வைத்திருக்கவில்லை. இன்னொருவரைத் தாங்கும் கையாக மாற்றிக்கொண்டார்.

ருவோ பின்னாளில் 'மிசரேரே' என்ற 58 அச்சுப்படங்களை உருவாக்கினார். 1948இல் அவை வெளியாயின. 'இரங்கும்' எனக் கடவுளிடம் கெஞ்சும் 51ஆம் திருப்பாடலின் இலத்தீன் தொடக்கமே அந்தப் பெயர். துன்புறும் கிறிஸ்துவின் முகமும், ஏழைகள், அநாதைகள், போரில் மாண்டோர் ஆகியோரின் துயரமும் அவற்றில் சேர்ந்தே நிற்கின்றன.

அன்புக்குரியவர்களே, ருவோ பிறகு புகழ் பெற்றார், ஆகவே நம் பிள்ளையும் ஒருநாள் வெல்வான் என்று நாம் சொல்லிவிடக் கூடாது. தோற்றவர்களில் பலருக்குப் புகழ் வருவதேயில்லை. அவர்களுக்கு நற்செய்தி என்ன?

இன்றைய உவமையைப் பார்ப்போம். மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் சிலர் நிற்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். யாரும் அவர்களை வேலைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பொழுது சாயும் வேளையிலும் நிலக்கிழார் தாமே தேடி வருகிறார். அவர்கள் எத்தனை மணிநேரம் உழைத்தார்கள் என்று கணக்குப் பார்க்காமல், அன்றைய வாழ்வுக்கு வேண்டியதை முழுமையாகக் கொடுக்கிறார். கடவுளின் பார்வையில் நம் மதிப்பு, போட்டியின் முடிவில் அறிவிக்கப்படுவதன்று. நாம் நிற்கும் இடத்துக்கு அவர் வரும்போதே அது நம்மோடிருக்கிறது. கட்டுவோர் ஒதுக்கிய கல்லாக நின்ற ஆண்டவருக்கு, ஒதுக்கப்பட்டவரின் வலி தெரியும்.

ஆகவே, இந்த வாரம் நம் வீட்டிலோ அன்பியத்திலோ தோல்வியோடு நிற்கும் ஒரு பிள்ளையின் அருகில் போய் அமர்வோம். முடிவு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டாம். "நீ செய்ததை எனக்குக் கொஞ்சம் காட்டு" என்று கேட்போம். நாம் தோற்ற கதை ஒன்றிருந்தால், வெட்கப்படாமல் அதையும் சொல்வோம்.

இரக்கமுள்ள ஆண்டவரே, யாரும் அழைக்காதவர்களைத் தேடி வருபவர் நீர். உம்மோடு அவர்களைத் தேடிப் போகும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.