கண்காணாச் சரக்கும் கைக்கு வந்த பணமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப்பாடஞ் சொல்லுந் தொழிலினராகிய யாம் வாணிகம் பற்றிப் பேசப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். எம்மிடம் பயின்றோர் சிலர் இதுபோழ்து பனியன் தொழிலை ஒட்டிய புதுவகை விற்பனையொன்றில் இறங்கியிருத்தலின், அவர்க்கு நேரும் இடர் எமக்கும் கவலையாயிற்று.

அவர்கள் விற்பது துணியன்று. துணியின்மேல் ஏறும் உருவம். எம்பிராய்டரி இயந்திரத்துக்குரிய பஞ்சிங் பைல், பிரிண்டிங்குக்குரிய டிசைன், துணி வெட்டுதற்குரிய பேட்டர்ன் ஆகிய இவற்றை இணையத்தில் வைப்பர். அயல்நாட்டார் ஒருவர் கார்டு வழியே பணஞ் செலுத்தி அந்நொடியே இறக்கிக்கொள்வார். சில வாரங் கழிந்தபின், 'யான் இதனை வாங்கவில்லை' என்றோ, 'சரக்கு வந்து சேரவில்லை' என்றோ தம் பாங்கியில் முறையிடுவார். உடனே விற்றவர் கணக்கினின்றும் அத்தொகை திரும்ப எடுக்கப்படும். இதனைச் 'சார்ஜ்பேக்' என்ப. பனியன் கட்டாயின் மீட்டுக் கொணரலாம். பைலோ சென்றது சென்றதே. அதன்மேலும் ஒரு கட்டணம் விற்றவர் தலையில் விழும்.

இம்முறையீட்டுரிமையைத் தீதென்று யாம் கூறோம். அமெரிக்க நாட்டில் 1974-ஆம் ஆண்டுச் சட்டமொன்று கடன்கார்டுடையார்க்கு இதனை உறுதி செய்தது. நம் நாட்டிலும், பாங்கியும் வாடிக்கைக்காரரும் தவறிழையாதவிடத்து மூன்றாமவர் வஞ்சனையால் பணம் போயின், அறிவிப்பு வந்த 3 வேலை நாட்களுக்குள் முறையிட்டார்க்கு இழப்பில்லை என்று ரிசர்வ் பாங்கி 2017 ஜூலை 6-ஆம் நாளில் ஆணையிட்டது. நம் வீட்டார் கார்டைக் களவாடி எவனேனும் செலவிடின் நம்மைக் காப்பதும் இவ்வகை உரிமையன்றோ?

எனின், நேர்மையாய் விற்றவர் செய்வது யாது? திருப்பூர்ப் பெரியோர்க்கு விடை முன்னரே தெரியும். எல்.சி.யின்மேல் சரக்கனுப்பினோர் அனைவரும் அறிவர், பாங்கி பார்ப்பது பனியனையன்று, பத்திரங்களையே என்பது. உலக முழுதும் பாங்கிகள் கைக்கொள்ளும் யு.சி.பி. 600 என்னும் விதிகள், 2007 ஜூலை முதல் நடப்பிலுள்ளவை, இதனை வெளிப்படையாகவே கூறுகின்றன. பில் ஆப் லேடிங்கில் சிறு பிழை நேர்ந்து 'டிஸ்கிரிபன்சி' என்று பணம் நின்ற கதை இங்கு வீட்டுக்கு வீடுண்டு. சார்ஜ்பேக்கும் அத்தன்மையதே. வேற்றுமை யாதெனின், எல்.சி.யில் பத்திரம் முந்தும், பணம் பிந்தும்; ஈண்டுப் பணம் முந்திப் பத்திரம் பின்னர்க் கேட்கப்படும். கேட்கும்போழ்து தேடப் புகுவார்க்கு அது கிட்டாது.

நம்மவர்க்கு ஒரு பழக்கமுண்டு. கொடுக்கல் வாங்கலில் சீட்டெழுதக் கேட்பது நம்பிக்கைக் குறைவென்று கருதுவர். வழக்கு நேரின் இருவரையும் எதிரே இருத்திப் பெரியவர் ஒருவர் பேசித் தீர்ப்பார். அது நல்ல முறையே. யாமும் அங்ஙனம் தீர்த்துவைத்ததுண்டு. ஆயின் கடல்கடந்த பாங்கியில் இருக்கும் எழுத்தர் நம் முகத்தையும் அறியார், குடிப்பெருமையையும் அறியார். அவர்முன் விடுக்கும் தாளே நம் வாய்ச்சொல்.

முதற்கண், பெயர். கம்பெனி குலதெய்வத்தின் பெயரால் பதிவாகியிருக்கும். இணையக்கடைக்கோ நாகரிகமான ஆங்கிலப் பெயர். வாங்கியவர் மாதக்கணக்கில் தெய்வத்தின் பெயரைக் கண்டு, 'இஃது யாவர்?' என்று திகைத்து முறையிடுவார். அவர்பால் வஞ்சமில்லை. பணம் பெற்றுத் தரும் நிறுவனத்திடம் சொல்லிக் கடைப்பெயரையே கணக்கில் தோன்றச் செய்தல் வேண்டும். இத்துணைச் சிறு செயலால் வழக்குகள் பல எழாமலே ஒழியும்.

அடுத்து, பைல் எவ்வகை இயந்திரத்துக்குரியது, எவ்வளவினது, பணம் திரும்பத் தருவது எப்போது என்பவற்றைப் பணஞ் செலுத்துமுன் காட்டி, 'ஒப்பினேன்' என்று குறியிடச் செய்க. இறக்கிய நாள், மணி, இணைய முகவரி எண், மின்னஞ்சல், பின்னர் நிகழ்ந்த உரையாடல் ஆகியவற்றை அழியாது காக்க. பழைய பதிவும் பயன்படும். அதே கார்டினால் 120 நாட்களுக்கு மேலும் 365 நாட்களுக்குள்ளும் தடையெழாது நிகழ்ந்த இரண்டு கொள்முதல்களைக் காட்டி, இணைய முகவரி எண்ணேனும் கருவியடையாளமேனும் அடங்க இரு குறிப்புகள் ஒத்திருப்பின், 'யான் வாங்கவில்லை' என்னும் முறையீடு நில்லாதென்பது 2023 ஏப்ரல் முதல் வீசா நிறுவனத்தார் விதி.

விடையளிக்கத் தருங்கால எல்லை குறுகியது. ஷிப்மெண்ட் அவசரத்தில் மின்னஞ்சலைப் பாராது விட்டார் தோற்றாரே. பைல் உண்மையாகவே பழுதாயின் வழக்கெழுமுன் பணத்தைத் திருப்பித் தருதல் முறை. வழக்கெழுந்தபின் தனியே அனுப்பலாகாது. ஒரே தொகை இருமுறை போதலுங் கூடும்.

உள்நாட்டில் யு.பி.ஐ. வழியே விற்போர்க்கு வேறோர் இடருண்டு. செலுத்தியவர் பணம் களவுப் பணமாயின், இழந்தவர் 1930 என்னும் எண்ணில் முறையிட, அப்பணம் சென்ற கணக்கெல்லாம் நிறுத்தப்படுதல் உண்டு. அக்கணக்கே சனிக்கிழமைக் கூலிக்குரிய கணக்காயின் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆதலின் இவ்விற்பனைக்குத் தனிக்கணக்கு வைத்தல் வேண்டும். நிறுத்தப்பட்டதாயின் பாங்கியாரோடு சினந்து பயனில்லை. எம்மாநிலத்து எக்காவல் நிலையம், முறையீட்டு எண் யாது என்பவற்றை எழுத்தாற் கேட்டுப் பெற்று, விற்றதற்குரிய இன்வாய்சும் இறக்கிய பதிவும் சேர்த்து அந்நிலையத்துக்கே அனுப்புதல் வேண்டும்.