செல்போன் போட்டோவும் சுயவிளம்பரமும்

(அமிர்தியில் விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று காலை இந்த மரத்தடிக்கு வந்து சேர்ந்தவுடன் முதலில் நடந்த காரியம் என்ன? ஜமுக்காளம் விரிப்பதற்கு முன்பே நாலு பேர் செல்போனை நீட்டித் தங்களைத் தாங்களே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் இரண்டு பேர் நம் சங்கத்தின் பொறுப்பாளர்கள். ஜமுக்காளத்தை விரித்தவர் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா. அவர் எந்தப் படத்திலும் இல்லை. யாரையும் குத்திக் காட்ட இதைச் சொல்லவில்லை. இன்றைய பேச்சுக்கு வேண்டிய விஷயம் நம் காலடியிலேயே கிடக்கிறது, அதனால் சொல்கிறோம்.

இந்த அமிர்திக்கு விடுமுறை நாளில் வந்து பாருங்கள். அருவி இருக்கிறது, காடு இருக்கிறது, 1967-இல் ஏற்பட்ட மிருகக்காட்சி சாலை இருக்கிறது. பட்டணத்து ஜனங்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். உழைக்கிறவனுக்கும் ஒருநாள் காற்று வாங்க உரிமை உண்டு. ஆனால் விறகுக் கட்டோடு இறங்கி வரும் மலைக்காரப் பெண்ணை நிறுத்தி, "அம்மா, அந்தக் கட்டை என் தலையில் கொஞ்சம் வையுங்கள்" என்று கேட்டுப் படம் பிடித்துக்கொண்டு, கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவரையும் இங்கே பார்த்திருக்கிறோம். அந்தப் படம் சாயங்காலத்துக்குள் நூறு பேருக்குப் போயிருக்கும். "ஆகா, என்ன எளிமை!" என்று பாராட்டும் வந்திருக்கும். கட்டு யாருடையது, அதற்கு என்ன விலை கிடைத்தது என்று ஒருவர்கூடக் கேட்டிருக்கமாட்டார்.

தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளும் ஆசை புதிதா? இல்லை. ராஜாக்கள் நாணயத்தில் தங்கள் முகத்தைப் பொறித்தார்கள். ஜமீன்தார்கள் ஓவியம் எழுதி மாட்டினார்கள். பணம் உள்ளவன் காரியமாக அது இருந்தது. இப்போது அந்தக் கருவி எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. போட்டோஷாப் என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் 1990-இல் விற்பனைக்கு வந்தபோது, படத்தைத் திருத்துவது அச்சகத்துக்காரர் வேலையாக இருந்தது. இன்றைக்குப் பத்தாம் வகுப்புப் பையன் செல்போனில் விரலால் தேய்த்தே ஆளை நீக்குகிறான், ஆளைச் சேர்க்கிறான்.

பெரிய இடத்தில் இந்த வித்தை எப்படி நடந்தது என்று பார்ப்போம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பிரதம மந்திரி விமானத்திலிருந்து பார்வையிட்டார். மத்திய சர்க்காரின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு படத்தை வெளியிட்டது. விமானத்தின் ஜன்னல் வழியே வெள்ளத்தில் நிற்கும் வீடுகள் பளிச்சென்று தெரிந்தன. ஜனங்களுக்குச் சந்தேகம் வந்தது. கடைசியில் அந்த அலுவலகமே, இரண்டு படங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுவிட்டன என்று சொல்லி வருத்தம் தெரிவித்து, படத்தை நீக்கியது. உண்மையான படத்தில் ஜன்னலுக்கு வெளியே மங்கலாகத்தான் இருந்தது. மங்கலாக இருந்தால் என்ன குறை? பார்வையிட்டார் என்பதற்கு அதுவே போதுமே!

அதே வெள்ளத்தில் இன்னொன்றும் நடந்தது. ஊர் ஊராகத் தன்னார்வத் தொண்டர்கள் அனுப்பிய அரிசி, பிஸ்கட் பொட்டலங்களின்மேல் அன்றைய முதலமைச்சரின் படம் போட்ட ஸ்டிக்கரை ஆளுங்கட்சிக்காரர்கள் ஒட்டினார்கள் என்று புகார் எழுந்து, பத்திரிகைகளில் வந்தது. கொடுத்தவன் கை ஒன்று, ஒட்டிய முகம் வேறு. நல்லதையும் சொல்லவேண்டும். 2021-இல் ஆட்சி மாறியபோது, முந்தைய முதலமைச்சர்கள் படம் அச்சிட்ட பள்ளிக்கூடப் பைகள் லட்சக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. அவற்றை வீணாக்காமல் அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னது புதிய சர்க்கார். கொடுத்ததனால் யாருடைய ஓட்டாவது குறைந்ததா?

சரி, பெரியவர்களை விடுவோம். இந்தப் படங்களைப் போட இடம் கொடுக்கும் கம்பெனிகளைப் பாருங்கள். இன்ஸ்டாகிராம் 2010-இல் தொடங்கியது. 2012-இல் பேஸ்புக் அதை 100 கோடி டாலருக்கு விலை பேசியது. அப்போது அங்கே வேலை செய்தவர்கள் எத்தனை பேர்? 13 பேர்! அதே 2012 ஜனவரியில்தான் போட்டோ பிலிம் செய்த கோடக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. ஒரு காலத்தில் அதில் 1,45,000 பேர் சம்பளம் வாங்கினார்கள். 13 பேர் மட்டும் உழைத்தா 100 கோடி டாலர் மதிப்பு வந்தது? கோடிக்கணக்கான ஜனங்கள் கூலி இல்லாமல் எடுத்துப் போட்ட படங்கள்தான் சரக்கு. அதைப் பார்க்க வந்த கண்களை விளம்பரக்காரனுக்கு விற்கிறார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, தூங்கவேண்டிய இரண்டு மணி நேரம் எத்தனை 'லைக்' வந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கும் தம்பி அந்தக் கம்பெனிக்கும் ஒரு ஷிப்ட் பார்க்கிறான். அதற்கு மஸ்டர் ரோலும் இல்லை, ஓவர்டைமும் இல்லை.

நம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பல செல்போன்களில் படம் எடுத்தாலே முகத்தைத் தானாக வெளுப்பாக்கிவிடுகிறது. வெயிலில் நாற்று நட்டுக் கறுத்த முகத்தை அந்த மெஷின் குறையென்று எண்ணித் துடைக்கிறது. 'பேர் அண்டு லவ்லி' கிரீம் விற்ற கம்பெனிகூட ஜனங்களின் எதிர்ப்பைப் பார்த்து 2020-இல் 'பேர்' என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. நாம் ஏன் நம் முகத்துக்கு நாமே சுண்ணாம்பு அடிக்கவேண்டும்?

இதெல்லாம் சின்ன விஷயம், சின்னஞ்சிறிசுகள் ஆசைக்குச் செய்கின்றன என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எங்களுக்குப் புத்தி வந்த கதையைச் சொல்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன்பு கீழே சமவெளியில் ஒரு ஸ்பின்னிங் மில் வாசலில் ஆர்ப்பாட்டம் நடத்தினோம். மெஷின் மூடிகள் கழன்று கிடக்கின்றன, சரிசெய் என்பது கோரிக்கை. முன்னூறு பேர் வருவார்கள் என்று நோட்டீஸ் போட்டோம். வந்தவர்கள் அறுபது பேர். மழை நாள், ஷிப்ட் நேரம். அறுபது பேர் வந்ததே பெரிது. ஆனால் எங்களுக்கு மனசு ஒப்பவில்லை. படம் போடவேண்டுமே! எங்களோடு இருந்த ஒரு துடிப்பான பையன் செல்போனில் ஏதோ செய்தான். கூட்டம் இரண்டு மடங்காக விரிந்தது. முன்வரிசையில் எங்கள் முகங்களையும் கொஞ்சம் தூக்கலாக்கிக் கொடுத்தான். பார்த்தோம், சிரித்தோம், அனுப்பச் சொன்னோம். தடுக்க ஒரு வாய் திறக்கவில்லை. பையன்மேல் பழியில்லை, பழி எங்கள்மேல்.

இரண்டு மாதம் கழித்து அதே மில்லில் ஒரு தங்கையின் கை மூடியில்லாத மெஷினில் மாட்டிக்கொண்டது. மூன்று விரல்கள் போயின. பக்கத்தில் வேலை செய்த பெண், பயத்தை விழுங்கிக்கொண்டு, மூடியில்லாத மெஷினையும் தரையில் கிடந்த ரத்தத்தையும் போட்டோ எடுத்தாள். செல்போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று கட்டளை இருந்த இடம் அது. அந்த ஒரு படத்துக்காக அவள் வேலையே போயிருக்கும். மறுநாள் மூடி மாட்டியாகிவிட்டது. ஆகவே அந்தப் படம்தான் சாட்சி.

அதிகாரி முன்னால் உட்கார்ந்தோம். படத்தை வைத்தோம். மானேஜர் கோபிக்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். எங்கள் ஆர்ப்பாட்டப் படம்! சிவப்புக் கரை போட்ட புடவை கட்டிய ஒரு அம்மா இடது பக்கமும் நிற்கிறார், வலது பக்கமும் நிற்கிறார். அந்த இரண்டு இடத்திலும் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். "ஐயா, உங்கள் சங்கத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஒருத்தரையே இரண்டாக்கத் தெரிந்தவர்களுக்கு, இருக்கிற மூடியை எடுக்கத் தெரியாதா?" என்று கேட்டார்.

பதில் இல்லை, தோழர்களே. வெளியே பெஞ்சில் அந்தத் தங்கை கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நேரில் பார்த்தவர்கள் சாட்சி சொல்லி, ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, நஷ்ட ஈடு வாங்க ஒன்பது மாதம் ஆயிற்று. வாங்கினோம். ஆனால் அந்த ஒன்பது மாதமும் அவள் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் முகத்தைத் தூக்கலாக்கியதற்கு அவள் கொடுத்த விலை அது.

இப்படிச் சொல்லும்போது நம் இயக்கத்தின் பெரிய வரலாற்றையும் மறைக்கக் கூடாது. 1920 மே மாதம் மாஸ்கோவில் லெனின் மேடையில் பேசும் படம் ஒன்று உண்டு. மேடைப் படியில் டிராட்ஸ்கி நிற்பார். பின்னாளில் அச்சிட்ட பிரதிகளில் அவர் நின்ற இடத்தில் மரப்படிதான் இருந்தது. மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு நடந்த எஷோவ், 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டபின், படத்திலிருந்தும் போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் ஓடுகிறது. டிராட்ஸ்கி கருத்து சரியா, எஷோவ் செய்தது கொடுமையா என்பது வேறு விவாதம். நின்றவர் நின்றவர்தான். இதைப் பேச நமக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்காகப் பேசாமல் விட்டால், எதிரி பேசுவான், நாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்போம்.

இதற்கு நேர்மாறான ஒரு மனிதரைப் பற்றி மில் தொழிலாளர்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டும். லூயிஸ் ஹைன் என்று பெயர். அமெரிக்காவில் வாத்தியாராக இருந்தார். 1908-இல் அந்த வேலையை விட்டுவிட்டு, குழந்தைத் தொழிலாளர்களைப் படம் பிடிக்கப் புறப்பட்டார். பஞ்சாலைகளுக்குள் விடமாட்டார்கள். பைபிள் விற்பவர் என்றும், மெஷின்களைப் படம் எடுக்க வந்தவர் என்றும் சொல்லிக்கொண்டு நுழைந்தார். கதிர்களுக்கு முன் நிற்கும் சிறுமியின் உயரம் எவ்வளவு? தன் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருக்கின்றன என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்தார். பிள்ளை எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று பார்த்து, சட்டைப் பைக்குள் கையை விட்டே குறிப்பு எழுதினார். பெயர், வயது, ஊர், எத்தனை நாளாக வேலை, எல்லாம் குறித்தார். ஏன் இவ்வளவு பாடு? 'இது பொய்ப் படம்' என்று முதலாளி ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அதற்காகத் திருத்தம் எதுவும் செய்யாமல் காத்தார். 1916-இல் சட்டம் வந்தது. 1918-இல் கோர்ட்டு அதை அடித்துவிட்டது. 1938-இல்தான் நிலையான சட்டம் வந்தது. ஹைன் வறுமையில் 1940-இல் இறந்தார். இன்றைக்கும் அந்தப் பிள்ளைகளின் முகத்தை உலகம் பார்க்கிறது.

இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலர் நூறு நாள் வேலையில் மண் வெட்டியவர்கள். வேலூர் மாவட்டத்தில் நாகநதிக்கு உயிர் கொடுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் நீர் செறிவூட்டும் கிணறுகள் கட்டினார்கள். 2021 செப்டம்பரில் பிரதம மந்திரியின் ரேடியோப் பேச்சில்கூட அது வந்தது. அந்தப் பெண்களுக்கே பிறகு என்ன நடந்தது? 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில் தினம் இரண்டு முறை செல்போனில் போட்டோ ஏறினால்தான் வருகைப் பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். மலைப்பக்கத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால்? வெட்டிய பள்ளம் கண்ணெதிரே இருக்கும், கூலிதான் வராது. திருட்டு ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை. சம்பந்தமில்லாத படங்களும், பழைய படத்தையே மறுபடி படம் பிடித்ததும் ஏறுகின்றன என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. மேலே உள்ளவர் படத்தைத் திருத்தினால் வருத்தம் தெரிவித்து முடித்துக்கொள்ளலாம். கூலிக்காரி படம் ஏறாவிட்டால் கஞ்சி இல்லை. ஆகையால்தான் படத்தின் நாணயத்தைக் காப்பதில் நமக்கு அவர்களைவிட அதிக அக்கறை வேண்டும் என்கிறோம்.

செல்போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பிள்ளை பிறந்தநாளுக்குப் படம் போடுங்கள், ஆசைக்கு நாலு படம் எடுங்கள், யாரும் தடுக்கவில்லை. சங்கத்தின் பெயரில் போகும் படத்துக்கு மட்டும் சில கட்டுப்பாடுகள் வைப்போம் என்று கமிட்டி யோசனை சொல்கிறது. கூட்டத்தைப் பெருக்கக் கூடாது, முகத்தை மாற்றக் கூடாது. அறுபது பேர் வந்தால் அறுபது என்று எழுதுவோம். பொறுப்பாளர் மட்டும் நிற்கும் படத்தைச் சங்கம் அனுப்பாது. அடிபட்டவர் படத்தை அவரைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. பெண்கள் படத்தை எடுத்து ஆபாசமாக ஒட்டிப் பரப்பும் கயவர்கள் இருக்கிறார்கள், ஆகவே அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒன்றும் வேண்டாம்.

சாட்சிக்கு எடுக்கும் படத்தில் இன்னும் கவனம் வேண்டும். முதலில் தூரத்திலிருந்து ஒன்று, இடம் தெரியவேண்டும். பிறகு கிட்டத்தில் ஒன்று. அளவு தெரிய ஒரு தீப்பெட்டியோ ஸ்கேலோ பக்கத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரம், இடம் பற்றி உள்ளே பதிந்த விவரங்களும் போய்விடும். ஆகவே அசல் படத்தைச் செல்போனிலிருந்து அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவும் மின்னணு ஆவணங்களுக்குச் சான்றுப் பத்திரம் கேட்கிறது. எந்தச் செல்போனில் எடுத்தது, அது யார் கையில் இருந்தது என்று சொல்லவேண்டிவரும்.

சாட்சிக்குப் படம் எடுப்பதை இப்போதே ஒருமுறை பழகிப் பார்ப்போம். எல்லோரும் செல்போனை எடுங்கள். அதோ, காலையிலிருந்து அடுப்பின் பக்கத்தில் நிற்கும் மூன்று தாய்மார்கள். முதலில் அவர்களிடம் போய்ச் சம்மதம் கேளுங்கள். சீக்கிரம் ஆகட்டும், சாமைச் சோறு ஆறுகிறது.