பதினொரு மணிக்கு இந்தப் பிள்ளைகள் ஏன் வீட்டில் இருக்கிறார்கள்?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், மூன்றாவது மாடியில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



மெயின்டனன்ஸ் பாக்கி, லிஃப்ட் ஒப்பந்தம், செப்டிக் டேங்க் எல்லாம் பேசி முடித்த பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பசி நேரம். அதனால் சுற்றி வளைக்காமல் தொடங்கிவிடுகிறேன்.

நாங்கள் இங்கே குடிவந்து இரண்டரை வருடம் ஆகிறது. லிஃப்டில் என் மகளைப் பார்த்து உங்களில் பாதிப் பேராவது கேட்டிருப்பீர்கள், "எந்த ஸ்கூல்மா படிக்கிற?" என்று. அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் "வீட்டிலேயே படிக்கிறா" என்பேன். அதற்குள் தளம் வந்துவிடும். கதவு மூடும்போது உங்கள் முகத்தில் இருக்கும் அடுத்த கேள்வியை நான் பார்த்துக்கொண்டே இறங்கிவிடுவேன். சிலர் உடம்பு சரியில்லாத பிள்ளையோ என்று நினைத்ததும், ஃபீஸ் கட்ட முடியவில்லையோ என்று ஒரு பாட்டி மனசு வருத்தப்பட்டதும் எனக்குத் தெரியும். போன மாதம் வாட்ச்மேன் வந்து, "மேடம், மேல இருக்கிறவங்க பதினோரு மணிக்கு மொட்டை மாடியில பசங்க சத்தம்னு சொல்றாங்க" என்றார். அந்தப் பசங்க என் பசங்கதான். அன்றைக்கே செயலாளரிடம், பேச அனுமதி கொடுங்கள் என்று நானே கேட்டேன்.

மகளுக்கு அடுத்த மாதம் 8 வயது. சின்னவனுக்கு 4. மகள் இரண்டு வருடம் ஒரு நல்ல பள்ளியில்தான் போனாள். அந்தப் பள்ளியைக் குறை சொல்ல இங்கே வரவில்லை. காலையில் வேன் ஹாரன் கேட்டதும் அவள் வாந்தி எடுப்பாள். டாக்டர் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். நான்கு மாதம் பொறுத்துப் பார்த்தோம். ஒரு நாள், மூன்று வயதில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை நாள் முழுக்க மொத்தமாகப் பத்து வார்த்தைகூடப் பேசவில்லை என்று கவனித்தோம். "ஒரு வருஷம் வீட்டில் வைத்துப் பார்ப்போம்" என்றார் என் கணவர். கொள்கை, கோட்பாடு எதுவும் அன்றைக்கு எங்களிடம் கிடையாது. ஜான் ஹோல்ட், கிஜுபாய் பதேகாவின் 'பகற்கனவு' எல்லாம் பிறகு படித்தவை. முதலில் முடிவெடுத்துவிட்டுப் பிறகு அதற்குக் காரணம் தேடிப் படித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

முதல் மூன்று வாரம் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். ஹாலில் ஒரு மேஜை போட்டேன். ஒன்பது மணிக்குப் பூஜை மணியை எடுத்து அடித்தேன். ஒரு பீரியட் தமிழ், ஒரு பீரியட் கணக்கு, நாலு கோடு நோட்டு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்துவிட்டு, பள்ளிக்கூடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். நாலாவது வாரம் அந்த நாலு கோடு நோட்டு காணாமல் போனது. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடைத்தது. எடுத்துக் கொடுத்தபோது அவள் "வேணாம்" என்றாள். நான் அடித்துவிட்டேன். சின்னவன் அப்போது தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். சத்தத்தில் எழுந்து அழ, மூன்று பேருமாக உட்கார்ந்து அழுதோம். எந்தப் பள்ளியிலும் அவளை யாரும் அடித்ததில்லை. நான்தான் முதல் ஆள்.

அன்று இரவு என் அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா 34 வருடம் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை. பேத்தி பள்ளிக்குப் போகவில்லை என்பது அவருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள். ஆறு மாதம் சரியாகப் பேசவே இல்லை. அன்றைக்கு மட்டும் திட்டாமல் ஒன்று சொன்னார். "என் கிளாஸ்ல நாற்பது பிள்ளைங்க. ஒருத்தன் ஆவணியில படிப்பான், ஒருத்தி அடுத்த வருஷம் ஆவணியில படிப்பா. எனக்குப் பயமே வந்ததில்லடி. ஏன்னா அதுங்க என் பிள்ளைங்க இல்ல. உனக்குப் பயம். அதான் கை நீளுது."

மேஜையை மடித்து வைத்தேன். அம்மா சொன்ன முறையில் திரும்பத் தொடங்கினோம். அ, ஆ என்று ஆரம்பிக்காமல் ட, ப, ம என்று கோடாக இழுக்கிற எழுத்துகள் முதலில். மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் கிடைத்தால் போதும். படம், மடம், பட்டம், மட்டம் என்று அவளே சொல் செய்துவிடுவாள். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 என்று நாம் பயமுறுத்துகிற அட்டவணையைச் சமையலறைக் கதவில் ஒட்டி, தெரிந்த எழுத்துக்கு அவள் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். என் ஸ்டிக்கர் பொட்டு மூன்று அட்டை காலி.

ஆனாலும் ஏழு வயது வரை சேர்த்துப் படிக்க வரவில்லை. எதிர் வீட்டு யூகேஜி குழந்தை இங்கிலீஷ் கதைப் புத்தகம் படிக்கிறது. என் மகள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறாள். ராத்திரி தூக்கம் வராமல், இந்தப் பிள்ளையின் வாழ்க்கையை என் பிடிவாதத்தால் கெடுக்கிறேனோ என்று சீலிங் ஃபேனைப் பார்த்தபடி படுத்திருப்பேன். அந்த வருடம் முழுவதும் நான் லிஃப்டைத் தவிர்த்துப் படியில் ஏறினேன். உடற்பயிற்சி என்று நினைத்திருப்பீர்கள்.

பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, வருகிற பஸ்ஸின் போர்டைப் பார்த்து, "வே… ள… ச்… சே… ரி, வேளச்சேரிம்மா, நம்ம பஸ் இல்ல" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். நான்தான் பொது இடத்தில் மூக்கைச் சிந்தினேன். அடுத்த இரண்டு மாதத்தில் கடைப் பலகை, மருந்துச் சீட்டு, சுவர் விளம்பரம், நம் நோட்டீஸ் போர்டில் யார் மெயின்டனன்ஸ் பாக்கி என்கிற பட்டியல் வரை எல்லாவற்றையும் உரக்கப் படித்தாள். அதற்காகச் சிலரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

"நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு நாளைச் சொல்கிறேன். ஏழேகாலுக்கு வேன்கள் போகும். அந்த அரை மணி நேரம் நாங்கள் பால்கனிப் பக்கம் போக மாட்டோம்; காரணம் பிறகு சொல்கிறேன். காலை உணவு முடிந்து ஒன்றரை மணி நேரம் தமிழும் கணக்கும். புத்தகம் எல்லாம் தமிழ்நாடு அரசின் பாடநூல்கள்தான். பருவத்துக்கு ஒன்றாக இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சின்னவன் அதற்குள் பத்து முறை குறுக்கே வருவான். அவனுக்குத் துவரம்பருப்பையும் மூக்குக்கடலையையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்வேன். பிரித்ததும் திரும்பக் கலந்து கொடுப்பேன். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை மொட்டை மாடி. மதியம் சமையல், தூக்கம், சண்டை. சாயங்காலம் உங்கள் பிள்ளைகள் திரும்பியதும் கீழே விளையாட்டு. வியாழக்கிழமை வெளியே: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு, இல்லாவிட்டால் எழும்பூர் மியூசியம், இல்லாவிட்டால் இங்கே பக்கத்திலேயே பள்ளிக்கரணை. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் நம் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறோம்? நீலத் தாழைக்கோழியைச் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். கைக்குட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், குப்பை எரியும் நாளில் நாற்றம் தாங்காது.

கணக்கு எங்கிருந்து வருகிறது என்றால், நம் தண்ணீர் லாரியிலிருந்து. ஒரு லாரி 12,000 லிட்டர், நம்மிடம் 24 வீடு, அப்படியானால் வீட்டுக்கு 500 லிட்டர். இதை அவள் வகுத்தலாகச் செய்யவில்லை; புளி கொட்டையைப் பங்கு வைத்துக் கண்டுபிடித்தாள். பிறகு ஸ்டில்ட் பார்க்கிங்கில் கார் கழுவுகிற குழாய் சொட்டுவதைப் பார்த்து, அடியில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துக் கடிகாரத்துடன் உட்கார்ந்துவிட்டாள். 20 நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு 3 லிட்டர், நாளைக்கு 72, மாதத்துக்கு 2,160. அதைக் கடிதமாக எழுதிச் செயலாளர் அங்கிள் வீட்டுக் கதவுக்கடியில் போட்டாள். 'குழாய்' என்பதை 'குலாய்' என்று எழுதியிருந்தாள். அவர் மறுநாளே வாஷர் மாற்றச் சொல்லி, "புகார் பெறப்பட்டு நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று சங்கத்தின் சீல் குத்திப் பதில் அனுப்பினார். அந்தத் தாள் இப்போது எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. அதற்கு நான் அவருக்குச் சரியாக நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அன்றிலிருந்து அவள் 'ழ' எழுதுவதில் தப்பு விட்டதில்லை.

சட்டத்தைப் பற்றி வழக்கறிஞர் மாமா ஒருவர் லிஃப்டில் எச்சரித்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதில் இருக்கிறது. தவறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் இல்லை. வீட்டுக் கல்வி என்ற சொல்லே அதில் கிடையாது. ஆக நாங்கள் நிற்பது வரப்பின் மேல்தான். எனக்குத் தைரியம் கொடுப்பது 4-ஆம் பிரிவு: பள்ளியில் சேராத பிள்ளையை எப்போது கொண்டுபோனாலும் அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். திரும்பிப் போகிற கதவு திறந்திருக்கிறது. போகாவிட்டால், 14 வயது முடிந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். 1989-இல் மத்திய அரசு தொடங்கியது அது. குறைந்தது ஐந்து பாடம், வருடத்துக்கு இரண்டு தடவை பொதுத் தேர்வு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை.

இதைக் கேட்டுவிட்டு யாராவது நாளைக்கே டி.சி. வாங்கிவிடாதீர்கள். இது ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓட வேண்டிய ஏற்பாடு. நான் பார்த்துக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையை விட்டேன். எங்கள் கார் ஏன் இன்னும் அந்தப் பழைய கார் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். வீட்டுக் கல்விக்காரர்கள் சிலர் பள்ளிக்கூடம் என்றாலே ஜெயில் என்பதுபோலப் பேசுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. என் அம்மாவின் பள்ளியில் மத்தியானச் சாப்பாட்டுக்காகவே வந்த பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டைவிடப் பள்ளி பத்திரம் என்று வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் போய் நான் என்ன சொல்ல முடியும்?

இன்னொன்று, தனிமை. பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். காலையிலிருந்து இரவு வரை நான்கு வயதுக்காரனோடு பேசிப் பேசி, பெரியவர்களிடம் பேச வார்த்தை தேட வேண்டியிருக்கிறது. ஒரு நாள் காய்கறிக்காரரிடம் "கத்தரிக்காய்க்கு என்ன கலர்?" என்று கேட்டுவிட்டேன்.

இப்போது பால்கனி விஷயம். போன தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது மகள் பாவாடை சட்டை வேண்டாம் என்றாள். "யூனிஃபார்ம் வாங்கித் தா" என்றாள். நீலப் பினோஃபோர், டை, பெல்ட். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதன்பிறகு தினமும் ஏழேகாலுக்குப் பால்கனியில் நின்று, வேனில் ஏறுகிற உங்கள் பிள்ளைகளுக்குக் கை காட்டினாள். அதைப் பார்க்க எனக்கு முடியவில்லை. அதனால்தான் அந்த நேரத்தில் உள்ளேயே வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிற விஷயம் இல்லை இது. அவள் விருப்பத்தைக் கேட்டு நடப்பதுதான் எங்கள் வழி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அவள் விரும்பியது எனக்குப் பிடிக்காதபோது பால்கனிக் கதவைச் சாத்துகிறேன்.

கணவரும் நானும் பேசினோம். அம்மாவும் வந்தார். ஜெயித்துவிட்டேன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அவ வயிறு என்ன சொல்லுதுன்னு அவளையே கேளு" என்றார். கேட்டோம். "பயமா இருக்கு, ஆனா போகணும்" என்றாள். ஜூன் மாதம் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறோம். தலைமை ஆசிரியை அவளை ஒரு பக்கம் படிக்கச் சொன்னார், படித்தாள். இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும். வாந்தி திரும்பி வந்தால் திரும்பக் கூட்டி வருவோம். சின்னவன் அவனது முறை வரும்வரை வீட்டில்தான். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

அதுவரைக்கும் உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். சத்தம் தொந்தரவாக இருந்தால் வாட்ச்மேனிடம் சொல்லாமல் எங்கள் வீட்டு மணியை அடியுங்கள், நேரத்தை மாற்றிக்கொள்கிறோம். இரண்டாவது, பகலில் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் இங்கே ஒன்பது பேர் என்று மகள் கணக்கெடுத்து வைத்திருக்கிறாள். முதல் மாடித் தாத்தா ரயில்வேயில் இருந்தவர் என்று தெரிந்ததிலிருந்து அவளிடம் சிக்னல் பற்றிப் பதினான்கு கேள்வி சேர்ந்திருக்கிறது. புதன்கிழமை பத்தரைக்கு அவர் வீட்டுக்கு அனுப்பலாமா என்று அவரிடம் இங்கேயே கேட்டுவிடுகிறேன். தாத்தா, வரலாமா? சின்னவனும் கூட வருவான். பருப்பு டப்பாவோடுதான் அனுப்புவேன்.